உயரம் மட்டும் கேட்டு வாங்கிய சைக்கிள்

ஸ்ரீரங்கம்,
கீழ உத்திர வீதி.

சிரஞ்சீவி அச்யுத்துக்கு அம்மா அனேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நடுவில் உன் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சௌக்கியமாக இல்லை, இப்போது அவையும் தேறிவிட்டன. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்வதற்கென்ன என்பாய். நான் வாயைத் திறந்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து "சைக்கிள் பிரமாதம்டா" என்று நடுவில் புகுந்துவிடுகிறாரே. உன் சிநேகிதன் மாதவன் ஹாம்பர்க் கிளம்புகிறான் என்று தெரிந்ததும் வத்தக்குழம்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா ரிட்டயர் ஆனதற்கு நீ வாங்கி அனுப்பினாயே ரேஸ் சைக்கிள், அதற்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், அப்பா உயரம் என்ன என்று. நானும் சொல்லிவிட்டேன். சைக்கிள் வந்த அன்று இவர் அதற்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டாத குறை. தினமும் விடிந்ததும் கொள்ளிடம் பாலம் தாண்டித் திருவெள்ளறைப் பக்கம் கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலில் சாய்வார். கேட்டால் "உடம்பு பழகறது, அப்படித்தான் இருக்கும்" என்பார். அறுபது வயதில் எதற்குப் பழகுகிறதோ அந்த உடம்பு.

அப்புறம் ஒரு நாள் பார்த்தால் நெற்றியில் திருமண் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. "ஏன்னா, நாமம் ஏன் கோணிண்டிருக்கு?" என்று கேட்டதற்குக் கண்ணாடி சரியில்லை என்றார். கண்ணாடியை நேராக மாட்டினேன், மறுநாளும் கோணல்தான். அதே வாரத்தில் காபி டம்ளரைக் கை நழுவவிட்டார், சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரும்பி நின்றுகொண்டு திண்டாடினார். அவருடைய அண்ணாவுக்குப் பக்கவாதம் இப்படித்தான் கையில் ஆரம்பித்தது, உனக்கே தெரியும். வர மாட்டேன் என்றவரை ஆட்டோவில் ஏற்றித் தில்லைநகரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், வழி நெடுக ரங்கா ரங்கா என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெண் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, தலையில ஒண்ணும் இல்லை" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "சார், உள்ளங்கையை எது மேலயாவது ரொம்ப நேரம் அழுத்தி வச்சுக்கறீங்களா?" என்றாள். உன் அப்பா மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். "கொஞ்சம் சைக்கிள் ஓட்டுவேன்" என்றார், ஏதோ கெட்ட பழக்கத்தைச் சொல்கிற மாதிரி. உடம்பு பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி நரம்பை நசுக்குகிறதாம். நல்ல வேளை, சீக்கிரம் வந்துவிட்டோமாம். இனி அந்த சைக்கிளில் அப்படிக் குனிந்து ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரை சைக்கிள் மேல் உட்காரச் சொல்லிச் சுவரைப் பிடிக்க வைத்துப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். கொடியில் வேட்டி உலர்த்தின மாதிரி நீண்டு தொங்குகிறார் மனுஷர். இத்தனை வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு இது கூடவா புரியாது? ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு ஒரே சட்டை சேர்ந்துவிடுமா? இஞ்சு டேப்பை எடுத்து அளந்தேன். உன் அப்பாவுக்குக் கால் நீளம், இடுப்புக்கு மேலே குட்டை. சீட்டிலிருந்து ஹாண்டில்பார் அவருக்கு எட்டாத தூரத்தில், அதுவும் சீட்டை விடத் தாழ்வாக இருக்கிறது. சைக்கிள் கடை வைத்திருக்கிற மருதை ஹாண்டிலைக் கொஞ்சம் கிட்டே வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தான், உடனே சைக்கிள் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. சீட்டை முன்னால் தள்ளினான், முழங்கால் வலி வந்தது. "ஃபிரேமே நீட்டம்மா, இதுக்கு மேல நான் என்னத்தைப் பண்றது" என்று அவனும் கையை விரித்துவிட்டான்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அன்று சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சைக்கிள் எப்படிப்பான்னு கேக்கறான். குழந்தை ஆசையா அனுப்பினது. ஒத்துக்கலைன்னு எப்படிச் சொல்வேன்?" என்றார். முப்பத்திரண்டு வயதுக் குழந்தை! நான் திட்டுவதற்காகத்தான் போனேன். திட்ட வரவில்லை, வெந்நீர் வைத்துக் கையில் ஒத்தடம் கொடுத்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை. அவர் உயரமும் என் உயரமும் ஒன்றுதான், கல்யாண போட்டோவில் அவர் நுனிக்காலில் நின்றது ஊருக்கே தெரியும். ஆனால் எனக்குக் கால் குட்டை, உடம்பு நீளம். சுடிதாரை மாட்டிக்கொண்டு, மருதையிடம் சீட்டை இறக்கி, ஹாண்டிலையும் பழையபடி மாட்டச் சொல்லி, சித்திரை வீதியில் ஒரு சுற்று சுற்றினேன். பேஷாக இருக்கிறது அச்யுத்! தோளும் வலிக்கவில்லை, கையும் மரக்கவில்லை. அவருக்கு ஹாண்டில் உயரமாகக் கிட்டத்தில் இருக்கிற சைக்கிள் ஒன்று பார்த்துப் பார்த்து வாங்கியாயிற்று, அதில் ஜீப்பில் போகிற தாசில்தார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கோலம் போடுகிறவர்களுக்கெல்லாம் மணியடித்துக்கொண்டு போகிறார். போன வாரம் முக்கொம்பு வரை போனோம். நான் முதலில் போய்ச் சேர்ந்து மீன் வறுக்கிற வாசனைக்குத் தள்ளி ஒரு மரத்தடியில் காத்திருந்தேன். வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம், "அது என் சைக்கிள், என் பையன் எனக்கு அனுப்பினது, இவ பிடுங்கிண்டா" என்று முறையிட்டார். அவள், "அம்மாதாங்க அதுல அம்சமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் தராசில் நிறுத்துக் கொடுத்ததில் பாதியை அன்று நானே தின்றேன்.

நீ இதைப் படித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ அனுப்பியதை வீட்டில் ஒருத்தி தினமும் ஓட்டுகிறாள், அது போதாதா? அப்பாவிடம் சைக்கிளைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தாதே. இனி நிஜத்தைச் சொல்வார். இன்னொன்று, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ பேசியபோது உன் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை இருந்தது, நடு நடுவே எழுந்து நின்றுகொண்டாய், கேட்டதற்கு ஜன்னலை மூடப் போனேன் என்றாய். ஜன்னல் முதலிலேயே மூடித்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் கண்ணா. எங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று நீ ஒளிக்கிறாய், நாங்கள் இங்கே தூங்காமல் கிடக்கிறோம். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி பத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரை மூடு. தாயார் கடாட்சத்தில் நோய் நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பதில் எழுதும்போது முதுகைப் பற்றி முதலில் எழுது, க்ஷேமமெல்லாம் அப்புறம்.

இப்படிக்கு,
உன் அம்மா
அரவிந்தவல்லி