484-இல் ஒரு கோடு

மார்ச் 3

அன்புள்ள சீனியர்,

நலம்தானே? மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தானே உங்களிடம் சொல்லப்போவதாகவும் நான் வாயைத் திறக்கக் கூடாதென்றும் உத்தரவு. திறந்துவிட்டேன்.

மின்னஞ்சலை உங்கள் உதவியாளரும் படிப்பார், அதனால் தாளில் எழுதுகிறேன். போன வாரம் ஒரு மாணவிக்கு ராமன் நிறமாலை சொல்லிக்கொடுத்தேன். லேசர் பட்டுத் திரும்பும் ஒளியில் துளிப் பங்கு நிறம் மாறி வரும், அந்த மாற்றம்தான் அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று காட்டும். நீங்கள் எனக்குச் சொன்ன அதே பாடம். பயிற்சிக்கு நம் பழைய ஆக்சைடு படலத்தைக் கொடுத்தேன்.

பச்சை லேசரில், நிறமாலையின் அளவுகோலில் 484 என்ற இடத்தில், நம் கட்டுரையில் காட்டிய அதே கோடு வந்தது. சிவப்பு லேசரில் வரவில்லை. பொருளுடைய கோடாக இருந்தால் இரண்டிலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். பச்சைக்கே திரும்பி, அறையின் டியூப் லைட்டை அணைத்தேன். கோடு போய்விட்டது.

எட்டு வருடமாக நாம் புதிய பிணைப்பு என்று சொல்லிவந்தது டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசத்தின் ஒளி. கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது, அடுத்தது என்னுடையது. அதைத் திரும்பப் பெற வேண்டும். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

ஜூனியர்

மார்ச் 9

ஜூனியருக்கு,

உன் கருவி பழையது. படலமும் இத்தனை வருடத்தில் கெட்டிருக்கும். அந்தக் கட்டுரையால்தான் எனக்கு இந்தத் துறைத் தலைவர் நாற்காலி கிடைத்தது என்று உனக்குத் தெரியும். நமக்கு விவாகரத்தாகி மூன்று வருடம் கழித்தும் என் வேலையில் குறை தேட உனக்கு நேரம் இருக்கிறது.

மகளுக்கு முத்தம்.

சீனியர்

மார்ச் 20

அன்புள்ள ஜூனியருக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், புதுப் படலம் ஒன்றை நானே வைத்துப் பார்த்தேன். விளக்கை அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். பதினோரு முறை. டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "என்ன சார், சுவிட்ச் ரிப்பேரா?" என்றார். "இல்ல, சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: விளக்கு எரிகிறது. உனக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தின நாள் இருட்டில் கேபிள் தடுக்கி, நல்லவேளை, மேஜையைப் பிடித்துக்கொண்டாய். அதனால் அணைக்காமல் விட்டேன். கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் விளக்கு மறந்துபோயிற்று.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். தவறு என்னுடையது மட்டும் என்று போட்டிருக்கிறேன்.

சீனியர்

மார்ச் 27

அன்புள்ள சீனியர்,

பத்திரிகையிலிருந்து ஒப்புதலுக்காக எனக்கும் நகல் வந்தது. 'என்னுடையது மட்டும்' என்பதை 'எங்களுடையது' என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். விளக்கு எரிந்தது எனக்கும் தெரியும். அணைக்கலாமே என்று நானும் சொல்லவில்லை.

மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவுக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

"வேலை போகாது. கொஞ்ச நாளைக்கு யாரும் அவரோட காபி குடிக்க வர மாட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்போ நாம போலாம்."

சனிக்கிழமை நான்கு மணிக்கு வருகிறோம். இந்தத் தடவை அவளைக் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்ப மாட்டேன். எனக்குச் சர்க்கரை வேண்டாம், நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

ஜூனியர்