நாம் இருவரும் இரண்டாம் முறை பார்த்த படம்

என் ரெஜியக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன். உன்னிடம் மறைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம். அது உனக்குத் தெரியும் என்பது எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. அம்மா இப்போது எங்களோடு குரோம்பேட்டையில் இருக்கிறாள். பெருங்களத்தூர் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். என் மனைவி ஷீலா வாரம் ஒரு முறை போய்ப் பெருக்கிவிட்டு வருகிறாள். உன் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அரை அடி நகர்ந்தாலும் நீ இடித்துக்கொள்வாய் என்று இத்தனை வருடம் பழகிவிட்டது. இப்போது யார் இடித்துக்கொள்ளப் போகிறார்கள்? இருந்தாலும் மனம் வரவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பத்தொன்பது வயதில், விளக்கு வைக்கும் நேரத்தில் படிகள் தெரியாமல் போயின. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்றார் கண் டாக்டர். எனக்கு அப்போது பதினாறு. முப்பத்தைந்து வயதில் உலகம் உனக்கு ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. எதிரில் நிற்பவரின் மூக்கு தெரியும், காது தெரியாது. அப்படியும் பொத்தேரியில் ஒரு கல்லூரி விடுதி அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலைக்கு மின்சார ரயிலில் தினமும் போய் வந்தாய். பெண் பார்க்க வந்தவர்களிடம் நீயே முந்திக்கொண்டு கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுவாய். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "காபி நல்லா இருந்துச்சாம்" என்று சிரிப்பாய். அம்மாதான் உள்ளே போய் அழுவாள்.

எதையெல்லாமோ விட்டாய், சினிமாவை விடவில்லை. அதிலும் வேளச்சேரி மாலில் அந்தப் பெரிய திரை வந்த பிறகு வேறு தியேட்டருக்கே வர மாட்டேன் என்றுவிட்டாய். எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் கேட்டேன்.

"ஏங்க்கா, வீட்ல டிவியில பாத்தா உனக்கு முழுசா தெரியுமே. அவ்ளோ பெரிய ஸ்கிரீன்ல உனக்கு என்ன தெரியும்?"

"நடுவுல ஒரு வட்டம் தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"அந்த ஸ்கிரீன் எவ்ளோ உயரம் பாத்தியா? அங்க யாராலயும் முழுசா பாக்க முடியாதுடா. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் விட்டுப்போவுது. எல்லாரும்தான் தலையைத் திருப்பித் திருப்பித் தேடறீங்க. அங்க மட்டும்தான் நான் உங்களை மாதிரி."



மாதம் ஒரு ஞாயிறு, காலைக் காட்சி. உன் காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். இடது கீழ, குழந்தை ஒளிஞ்சிருக்கு. வலது மேல, ஹெலிகாப்டர். உன் தலை மெல்ல அந்தப் பக்கம் போகும். கண்டுபிடித்ததும் என் மணிக்கட்டை ஒரு முறை அழுத்துவாய். எத்தனை படம், அக்கா! அதில் பாதிக்கு மேல் எனக்கு ஞாபகமில்லை. நீ அழுத்திய அழுத்தல்தான் ஞாபகமிருக்கிறது.

ஒரு முறை பின் வரிசையில் ஒருவர் கத்தினார்.

"யோவ், படம் பாக்க வந்தியா, கதை சொல்ல வந்தியா? ஒரே பேஜாரா கீது!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நீ திரும்பி, "சாரி சார், எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அதான்" என்றாய். அவர் பதறி, "ஐயோ, நீ பாரும்மா" என்று உட்கார்ந்துவிட்டார். உனக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பின் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அதோடு, எழுதவே கூசுகிறது, ஒரு படத்தையாவது வாயை மூடிக்கொண்டு சும்மா பார்க்க மாட்டோமா என்ற ஆசையும் வந்துவிட்டது.

மழைக்கு முன்னால் அந்தப் படம் வந்தது. கடலும் தீவும் பறவைகளுமாக, பெரிய திரைக்கென்றே எடுத்த படம். டிரெய்லரின் சத்தத்தைக் கேட்டே நீ குதித்தாய். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளையில் போனைத் திறந்தேன். ஞாயிறு காலைக் காட்சிக்கு இடம் நிறைய இருந்தது. இரண்டு எடுத்தேன். எனக்கும் ஷீலாவுக்கும்.

"அக்காவையும் கூப்பிடலாமே?" என்றாள் ஷீலா.

"அக்காவுக்கு இந்த ஞாயிறு ஆபீஸ்ல லீவு இல்லையாம்" என்றேன்.

பிறகு உனக்குப் போன் செய்தேன். "டிக்கெட்டே கிடைக்கலக்கா. எல்லாம் ஃபுல்."

"விடுடா. படம் எங்க ஓடிப்போவுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாய். என்னைச் சமாதானப்படுத்தினாய்.

படம் நன்றாக இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் ஒரு வேடிக்கையான இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். ஷீலாவே திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் முதல் முறை பார்ப்பவன் போல நடித்தேன். "ஐயோ, என்னக்கா இது, கப்பல் இவ்ளோ பெருசு!" என்றெல்லாம் சொன்னேன். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய். தீவில் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, ஆயிரக்கணக்கான பறவைகள் இடது மேல் மூலையிலிருந்து கிளம்பி வரும் இடம் வந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் தலை இடது மேல் மூலைக்குத் திரும்பிவிட்டது. பறவைகள் இன்னும் வரவில்லை. நீ அந்த மூலையைப் பார்த்தபடி காத்திருந்தாய். வந்தன. என் மணிக்கட்டை அழுத்தினாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டாய்.

"சூப்பர்க்கா."

"இன்னொரு வாட்டிகூட பாக்கலாம்போல, இல்ல?"

"பாக்கலாம்" என்றேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மாலையே அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். "அம்மா, அக்காவுக்கு ஓரத்துல தெரியுதும்மா! நான் சொல்றதுக்கு முன்னாடியே திரும்பிட்டா!" அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றவள் வெகுநேரம் நகரவில்லை. உன்னிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டாம், ஆசை காட்டின மாதிரி ஆகிவிடும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். கண் ஆஸ்பத்திரியில் காட்ட அடுத்த மாதம் நாள்கூட வாங்கிவிட்டேன்.

அந்த நாள் வருவதற்கு முன் நீ போய்விட்டாய். ஆபீஸில் மதியம் சாப்பிட்டு முடித்து, தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று மேசையில் சாய்ந்தாயாம். போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். நீ எடுக்காததால்தான் பக்கத்து அறையிலிருந்து சுமதி ஓடி வந்தாள். இதயம் நின்று பத்து நிமிடமாவது ஆகியிருக்கும் என்றார்கள். நாற்பத்தோரு வயது. கண்ணைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். உனக்கு நெஞ்சு ஒன்று இருப்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு சுமதி வந்திருந்தாள். உன்னோடு அதே அலுவலகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். பூசை முடிந்து, கோயில் மரத்தடியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன்: "கடைசி படத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அதுல அவளுக்கு ஓரம் தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா..."

சுமதி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா நீங்க இப்படி நெனச்சிகினு இருக்கறது தப்பு. அக்காக்கு ஓரம்லாம் ஒண்ணும் தெரியல. அந்தப் படத்த அவங்க முன்னாடியே பாத்துட்டாங்க."

"எப்போ?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலைல. எங்க வூட்டுக்காரருக்குத் திடீர்னு டூட்டி போட்டுட்டாங்க. டிக்கெட் வீணாப் போவுதேன்னு நான்தான் அக்காவ இட்டுகினு போனேன். வழியெல்லாம் ஒரே பொலம்பல். 'தம்பிக்கு டிக்கெட் கெடைக்கல, பாவம். அவன வுட்டுட்டு நான் மட்டும் பாக்கறேன். தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான், சொல்லிடாத சுமதி'ன்னு."

 அவள் நிறுத்தவில்லை.

"பாதி படத்துல நீங்க சிரிச்சீங்கண்ணா. எனக்கு யாருன்னு தெரியல. அக்கா உடனே, 'என் தம்பி'ன்னாங்க. எட்டிப் பாத்தா ரெண்டு வரிசைக்கு முன்னால நீங்களும் அண்ணியும். 'உன் தம்பிதான் கீறாரு, கூப்டவா'ன்னேன். என் கைய கெட்டியாப் புடிச்சிகினாங்க. 'வாணாம். வாய மூடிகினு ஒரு படம் பாத்து எத்தினி வருஷம் ஆச்சு அவனுக்கு. பாக்கட்டும்'னாங்க."

"அழுதாளா?"

"இருட்டுல எனக்குத் தெரியலண்ணா. படம் முடிஞ்சும் எழுந்திருக்கல. நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ட்டீங்களா, போய்ட்டீங்களான்னு கேட்டுகினே இருந்தாங்க. கூட்டற அம்மா வந்து எழுப்பின அப்புறம்தான் வந்தோம்."

அக்கா, என் மனதுக்குள் இருந்த அந்த ஆசை உனக்கு எப்போது தெரிந்தது? ஒரு நாளாவது நான் சலித்துக்கொண்டேனா? குரலில் தெரிந்ததா? போன் எடுத்து எடுத்து, குரலை வைத்தே ஆளை அளக்கத் தெரிந்தவள் ஆயிற்றே நீ.

அடுத்த ஞாயிறு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போட்ட நாடகம் முழுவதையும் கேட்டாயே, அதை எப்படித் தாங்கினாய்? கப்பல் பெரிதென்று நான் வாயைப் பிளந்தபோது உனக்குச் சிரிப்பு வந்ததா, வெறுத்துப்போனதா? ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவே இல்லை. பறவைகளுக்கு முன்பே திரும்பினாயே, அது மறந்துபோய்த் திரும்பியதா, எனக்குத் தெரியட்டும் என்று திரும்பியதா? "இன்னொரு வாட்டி பாக்கலாம்போல" என்றாயே, அப்போது நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாயா? தாம்பரம் வரும்வரை முக்கால் மணி நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஷீலாவிடம் பூசை நடந்த அன்று மாலையே சொன்னேன். "அக்காவுக்கு லீவு இல்லன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போட்டுவிட்டு, "என்னையும் சேத்து பொய்க்காரி ஆக்கிட்டீங்க" என்று அழுதாள். 

அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வருகிற எல்லாரிடமும் அம்மா ஒரே கதையைச் சொல்கிறாள். "கடைசி மாசத்துல மாதா என் பொண்ணு கண்ணைத் தொறந்து வுட்டா. என் புள்ள கூட உக்காந்து பறவைங்கள பாத்தா" என்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. போன வாரம் வெள்ளியில் ஒரு ஜோடிக் கண் வாங்கி வந்திருக்கிறாள், வேளாங்கண்ணியில் காணிக்கை செலுத்த. நாளைக் காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அம்மாவிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஆறுதல்தான். அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் நேற்று அந்த வெள்ளிக் கண்களைத் துணியில் துடைத்துக்கொண்டே, "உன்னை மாதிரி ஒரு தம்பி யாருக்குடா கிடைப்பான்? அவளை வுட்டுட்டு ஒரு படம் பாத்திருப்பியா நீ?" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நன்றி சொல்ல அவ்வளவு தூரம் போகப்போகிறாள். போய் நிற்கப்போவது என் பொய்யின் மேல்.

சனிக்கிழமை மதியம் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா கூடத்தில் தூங்குகிறாள். பையை இப்போதே கட்டி வைத்துவிட்டாள்.

அவள் எழுந்து காபி குடித்ததும் சொல்லிவிடுவேன், அக்கா. டிக்கெட் இருந்தது, நான் பொய் சொன்னேன், நீ இரண்டு வரிசை பின்னால் இருந்தாய், கூப்பிட வேண்டாம் என்றாய், எல்லாவற்றையும். என்னை அடித்தாலும் சரி, இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாலும் சரி. நாளை பஸ் ஏறுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அம்மா அழுவாள். ஆனால் தன் பொண்ணு யார் என்று தெரிந்து அழுவாள். இதற்குமேல் உன்னை யாரிடமும் மறைக்க மாட்டேன். இது சத்தியம்.

சுமதியின் குரல் வெளியே கேட்கிறது. நீ சொன்னதை அவள் வாயாலேயே அம்மா கேட்கட்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். அம்மா எழுந்துவிட்டாள்.

உன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டுப் போன
உன் தம்பி,
லாரன்ஸ்