கண்ணாடிச் சுவர் ஓடு

மார்ச் 4

அடி நெட்டை,

நீ நலமென்று உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் கடிதம் எழுதக் கை வலிக்கிறதாக்கும்.

இதோடு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளே கடுகைவிடச் சிறிய ஓடு, திறக்கும்போது தும்மிவிடாதே. ஆழ்துளைக் கிணற்று மண்ணைக் கழுவிச் சலித்தபோது கிடைத்த ஃபோராமினிஃபெரா, எந்தக் காலத்திலோ கடலில் வாழ்ந்த நம் ஒற்றைச் செல் உயிரி. அறைகள் சுற்றியிருக்கும் விதமும் பால் வெள்ளையும் பார்த்தால் பீங்கான் ஓட்டு வகை. எங்கள் மேலதிகாரி, "இதுல பார்க்க என்னம்மா இருக்கு? பீங்கான்தான், எடுத்து வை" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஈரத்தில் ஓர் ஓரம் மின்னியது, துளைகள் தெரிந்த மாதிரியும் இருந்தது. பீங்கான் ஓட்டில் ஏதடி துளை? சுவர் கண்ணாடி வகையாக இருந்தால் இது எந்தக் குடும்பத்திலும் சேராத புதுப் பேரினம். அதை நான் எழுதி வெளியிட்டால் இங்கே வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் வருடக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இங்குள்ள மைக்ராஸ்கோப் என் கண்ணைவிட மோசம். நீ எண்ணெயில் நனைத்துப் பார்த்துச் சொல். தேய்த்து வெட்டிவிடாதே தாயே, இருப்பது ஒன்றே ஒன்று.

உன் சோடாபுட்டி

மார்ச் 27

சோடாபுட்டிச் செல்லமே,

திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடு, வெட்டிவிட்டேன். எண்ணெயில் ஒன்றும் பிடிபடவில்லை, கை சும்மா இருக்கவில்லை. பாதி ஓடு தேய்ந்துபோனது. ஆனால் அடியே, நீ சொன்னதேதான்! சுவர் முழுக்கக் கண்ணாடி, அடுக்கடுக்காக, குறுக்கே துளைகளோடு. வெள்ளையெல்லாம் மண்ணில் கிடந்து வெளுத்த மேல்தோல். இங்கே எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள்.

படங்களை அடுத்த வாரம் அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நெட்டை

ஜூன் 15

நெட்டை,

படங்கள் வரவில்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்காங்க" என்று யாரோ சொல்கிறார்கள். வெட்டியதற்குக்கூட நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கட்டுரையை எழுதிவிட்டு, படத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறேன். மேலதிகாரி தினமும் கேட்கிறார். கொஞ்சம் இரக்கப்படு.

சோடாபுட்டி

செப்டம்பர் 9

என் செல்லமே,

உட்கார்ந்துகொண்டு படி. இதோடு வரும் பத்திரிகையைப் புரட்டு. நம் ஓடு வந்துவிட்டது! புதுப் பேரினத்துக்கு உன் பெயரையே வைத்திருக்கிறேன். சொல்லாமல் வைத்திருந்து உன்னைத் திக்குமுக்காட வைக்க நினைத்தேன். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் நம் துறையே சிரிக்கும், தெரியுமல்லவா? அதனால்தான் ஆசிரியராக என் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில் உனக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன். இனி உலகம் உள்ளவரை உன் பெயர் நிற்கும். இன்னுமா கோபம்?

உன் நெட்டை

டிசம்பர் 30

டாக்டர் அம்மாவுக்கு,

பத்திரிகை கிடைத்தது. நம் துறையில் ஒருத்தியின் பெயரை வைத்தாலே, கண்டுபிடித்தவள் அவளில்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அது தெரியாத பச்சைக் குழந்தையா நீ? இனி யார் அதைக் குறிப்பிட்டாலும் என் பெயருக்குப் பின்னால், அதை வைத்தவள் என்று உன் பெயரைப் போட்டாக வேண்டும். கட்டிக்கொண்டவர் பெயரையே நான் அப்படிப் போட்டுக்கொண்டதில்லை.

வேலை போய்விட்டது. இன்று என் இடத்துக்கு வந்தவரிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். மேசைமேல் உன் கட்டுரை கிடந்தது.

"மேடம், இது உங்க பேராச்சே! இதுல நீங்க என்ன பண்ணீங்க?" என்றார்.

அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், "எழுதினவங்க என் சிநேகிதி" என்றேன்.

"அடேயப்பா, இப்படி ஒரு சிநேகிதி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நமக்குள் இருந்ததற்கு அதுதான் கடைசி மரியாதை. பதில் போடாதே, போட்டாலும் பிரிக்க மாட்டேன்.