அந்தக் கடைசி ஊர் சரிதானா, அக்கா?

என் ஆசை அக்காவுக்கு,

உன் தையல் கடையில், நீ உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் வெயில் கொளுத்துகிறது. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை. மாமா கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஒரகடத்துக்குப் போயிருக்கிறார். என் மகள் ரூத் உன் நூல்கண்டுகளையெல்லாம் தரையில் கொட்டி நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நீ இருந்தால் திட்டியிருப்பாய். பிறகு நீயும் கூட உட்கார்ந்து அடுக்கியிருப்பாய்.

உனக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முந்தாநாள் உன் நினைவு ஜெபக் கூட்டம். நியூசிலாந்தின் தெற்குக் கோடியிலிருந்து விமானம் மாறி மாறி அதற்காகத்தான் வந்து சேர்ந்தேன். உன்னை அடக்கம் பண்ணியபோது வர முடியவில்லை. கிளம்பியிருந்தாலும் உன் முகத்தைப் பார்த்திருக்க முடியாது என்று மாமாவே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம் நீ கேட்பாயே, “எடம் ஒத்துக்கிச்சாடி?” என்று. “ஒத்துக்கிச்சிக்கா” என்பேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

நாங்கள் இருக்கிற இன்வர்கார்கில், நாங்களாகத் தேடிப் பிடித்த ஊர் இல்லை. முதியோர் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை அங்கே கிடைத்தது, போனோம். ஜான்சனுக்குப் பால்பவுடர் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது, இருந்துவிட்டோம். தமிழ் ஆட்கள் எல்லாம் நாட்டின் அந்தக் கோடியில், ஆக்லாந்தில் இருக்கிறார்கள். அங்கே முருங்கைக்காய் கிடைக்கும். தமிழ் ஆராதனை உண்டு. எங்கள் ஊரில் காற்றுதான் உண்டு. குடையைப் பிடித்தால் குடை போய்விடும், பிடிக்காவிட்டால் நனைந்துவிடுவோம். முதல் இரண்டு வருஷம் அதையே ஒரு வேடிக்கையாக உனக்குச் சொல்லிச் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா?

நீ போன சேதி வந்த அன்றைக்குத்தான் வேடிக்கை எல்லாம் நின்றுபோனது. வேலையில் இருந்தேன். கூட வேலை பார்க்கும் நர்ஸுகள் என்னைச் சுற்றி நின்றார்கள், நல்லவர்கள்தான். ஆனால் ‘ஐயோ அக்கா’ என்று கத்தினால், அது என்ன என்று புரிந்துகொள்ள அங்கே ஒருத்தர் இல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு மார்கரெட்டம்மா ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்தார். எழுபதைத் தாண்டியவர், மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, சிங்க்கில் கிடந்த பாத்திரங்களை ஒன்றுவிடாமல் கழுவிவைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஜான்சன் சொன்னார்: “ஆக்லாந்துல இருந்திருந்தா நாலு பேரு வந்து ஒக்காந்து ஒப்பாரியாவது வச்சிருப்பாங்க. நாம எதுக்கு எஸ்தரு இந்த மூலையில வந்து கெடக்கறோம்?”

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ரூத் ஒரு தமிழ் வார்த்தைக்குத் தடுமாறினால் கேள்வி வந்து நிற்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் மையிருட்டு ஆகும்போது வந்து நிற்கும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஆக்லாந்து போனோம். தமிழ் ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடியபோது ஜான்சன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அக்கா, நானும் பாடினேன். என் தொண்டையிலிருந்து அந்தக் குரல் வந்து எத்தனை நாளாயிற்றோ! இங்கேயே வந்துவிடலாம் என்று அப்போதே மனசுக்குள் முடிவுசெய்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது ஒரு அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“காஞ்சிபுரமா? பட்டு ஊராச்சே! நீங்க நெசவுக்காரங்களா?”

“இல்லக்கா. சொந்த ஊரு மாகறல்.”

“அப்படியா? மாகறல்ல ஊருக்குள்ளயா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஊர் தனி, காலனி தனி என்று கிடக்கிற இடத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “காலனிதாங்கக்கா” என்றேன். பிடித்த கையை அவர் உதறவில்லை. மெல்ல விட்டுவிட்டு, கப்பை எடுக்கத் திரும்பினார்.

காரில் ஜான்சனிடம் சொன்னேன். “ஒருத்தவங்க கேட்டதுக்கு மொத்த ஜனத்தையும் உட்டுற முடியுமா? இன்னிக்கு நீ பாடுனியே, அத இன்வர்கார்கில்ல பாட முடியுமா?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடல் தாண்டிப் போயும் யாரென்று விசாரிப்பார்கள் என்றால், எதற்காகத் தாண்டினோம் என்று நான் நினைத்ததும் நியாயம்தான். எந்த ஊர் எங்களுக்கான ஊர், எந்த ஊரில் இருக்க வேண்டும், ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு ஜான்சனுக்கு ஆக்லாந்தில் ஒரு வேலை அமைந்தது. நான் இந்தியாவிலிருந்து திரும்புவதற்குள் பதில் சொல்வதாக அவகாசம் கேட்டு வாங்கியிருந்தார். “நீ யோசிச்சிக்கினு வா” என்று விமானம் ஏற்றிவிட்டார்.

வந்த அன்றைக்கே மாமாவிடம் எல்லாம் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

“உங்க அக்காவும் ஒருவாட்டி மூட்ட கட்டிட்டா, உனக்குத் தெரியுமாம்மா?”

எனக்குத் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் நீ பட்ட பாடு கொஞ்சம் தெரியும். பட்டுப்புடவை நெய்கிற இடத்தில்தான் ரவிக்கைக்குத் தையல்காரி வேண்டும் என்று கணக்குப்போட்டு, மாகறலிலிருந்து மாமாவையும் இழுத்துக்கொண்டு வந்தாய். “எந்த ஊரு? எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு, வாடகைக்குப் போய்க் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும், “ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்மா” என்றார்கள். கடைசியில் சாயப்பட்டறையை ஒட்டி, ஆட்கள் ஒதுக்கிப்போட்டிருந்த இந்த அறை கிடைத்தது. அதன் பிறகும் ரவிக்கைத் துணி வரவில்லை. நான் நர்சிங் ஹாஸ்டலில் இருந்தேன். “தாம்பரத்துக்குப் போயிடுக்கா, அங்க நம்ம ஜனம் இருக்குது” என்று போனில் கத்துவேன். நீ “பாக்கலாம்டி” என்பாய்.

பார்த்திருக்கிறாய். தாம்பரத்தில் கடை பேசி முடித்து, மெஷினை டெம்போவில் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டதாம். “மீதிய எதிர்வூட்டு வள்ளியம்மாவக் கேளு” என்று மாமா கையைக் கழுவப் போய்விட்டார்.

நினைவுக் கூட்டத்தன்று காலையில், சாம்பார் சாதத்துக்குக் காய் நறுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டிலிருந்து வள்ளியம்மா தெருவைக் கடந்து வந்தார். தறிக்காரர் வீட்டு அம்மா. நெற்றி நிறைய விபூதி. அழைக்காமலே உள்ளே வந்து, “அருவாமனைய இப்படி தள்ளும்மா” என்று என் பக்கத்தில் உட்கார்ந்து கத்திரிக்காயை அரிய ஆரம்பித்தார். அந்த டெம்போ கதையை நான் மெதுவாகக் கேட்டேன்.

“அதுவா?” என்றார். “நான் ஒண்ணும் நல்ல மனசு வச்சிக்கினு வர்ல. உள்ளதச் சொல்றேன். எம் பொண்ணுக்குக் கல்யாணம். தையக்காரன் ரவிக்கைய கெடுத்துக் குடுத்துட்டான். மறுநாள் மாப்ள வூட்டுக்காரங்க வந்துடுவாங்க. என்னா பண்றதுன்னு தெரியாம வாசல்ல நிக்கிறேன், உங்க அக்கா டெம்போவுல ஏறிக்கினு இருக்குறா. ஓடிப் போயி வண்டிய மறிச்சேன்.”

“என்ன சொன்னீங்க?”

“இன்னாத்த சொல்றது? அதுவரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்த பேசுனது இல்ல. துணிய நீட்டுனேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அவ என்னையே பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் உங்க மாமாவப் பாத்து, ‘மெஷின எறக்குங்க’ன்னா.”

வள்ளியம்மா அரிவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எம் பொண்ணு அத போட்டுக்கினு மணையில ஒக்காந்தப்ப எல்லாரும் கேட்டாங்க, யாரு தச்சதுன்னு. நான் பேரச் சொன்னேன். ஆனா அப்புறம் எத்தன வருசம், இந்த வூட்டு வாசப்படிய தாண்டாமலே துணியக் குடுத்து வாங்கிக்கினு இருந்தேன். ஒரு நாளு அவளே, ‘உள்ள வாங்கம்மா, அளவு சரியா எடுக்கணும்’னா. வந்தேன். வந்துட்டேன், அவ்ளோதான்.”

பிறகு எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அக்கா, இதை ஏன் நீ எனக்குச் சொல்லவே இல்லை? மெஷினை இறக்கச் சொன்னபோது உனக்குப் பயமாக இல்லையா? ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்பியிருக்கலாமே. ஏன் கிளம்பவில்லை?

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. கூட்டத்துக்கு வந்த ஒரு வயதான அம்மா ரூத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, “நீ எந்த ஊரு பாப்பா?” என்று கேட்டார். நான் சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பினேன். பழக்கம்தானே.

“இன்வர்கார்கில்” என்றாள் ரூத்.

“அது எங்க இருக்குது?”

“கீழ. ரொம்பக் கீழ. அதுக்கப்புறம் கடல். கடலுக்கு அப்புறம் ஐஸ்தான்.”

“அடேங்கப்பா! அங்கல்லாம் ஆளுங்க இருக்குறாங்களா?”

“நாங்க இருக்கறமே!” என்று சொல்லிவிட்டு, பாயசத்தில் கிடந்த முந்திரியைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பேரைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த வயதில் நானோ நீயோ அப்படிச் சொன்னது உண்டா?

நேற்று ஜான்சன் போன் பண்ணினார். எங்கள் முதியோர் இல்லத்துக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறாளாம். பெயர் கலைவாணி. தமிழ் தெரிந்த ஆள் என்று இல்லத்தில் இவரை அழைத்துவரக் கேட்டிருக்கிறார்கள்.

“ஏர்போர்ட்டுக்குப் போயி இட்டுக்கினு வந்தேன். அந்தக் குளிர்ல மெல்லிசா ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கினு எறங்குது. மார்கரெட்டம்மாவும் கூட வந்தாங்க. பாத்ததும் தன் கோட்ட அவுத்து அது மேல போத்திட்டாங்க. அவங்க வூட்லதான் தங்கியிருக்குது. நேத்து ரசம் வச்சி எடுத்துக்கினு போனேன். ஒரு வாய் குடிச்சிட்டு அழுவுது.”

“காரமா?”

“நானும் அதத்தான் கேட்டேன்! இல்லண்ணா, இங்க பேச ஒரு ஆளு கூட இல்லன்னு எங்க அம்மாகிட்ட சொல்லி அழ வச்சிட்டேன், இப்ப போன் போட்டு நீங்க இருக்கறீங்கன்னு சொல்லிடறேன்னு சொல்லுது.”

பிறகு, “எஸ்தரு, அந்த ஆக்லாந்து வேலைய வேணாம்னு சொல்லிட்டுமா?” என்றார். நான் திகைத்துப்போனேன்.

“உங்களுக்குத்தான் அங்க போவணும்னு ஆசையாச்சே?”

“ஆச இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன். வருசத்துக்கு ரெண்டுவாட்டி போயி பாடிட்டு வரலாம். ஆனா இவங்கள உட்டுட்டுக் கெளம்ப மனசு வர்ல. நீ இன்னா சொல்ற?”

“வேணாம்னே சொல்லிடுங்க” என்றேன். சொன்னவுடன் உடம்பு லேசாகிவிட்டது. உன் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழுதேன். அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சந்தேகம் ஒழிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த குளிர்காலத்தில் காற்று ஜன்னலை உலுக்கும்போது திரும்ப வரும். ரூத்துக்குத் தமிழ் எழுத வருமா என்ற கவலை இருக்கிறது. கலைவாணி சொல்லித் தருகிறேன் என்கிறாளாம், பார்க்கலாம். அந்த ஊரில் எங்களுக்கு ஏதோ ஆரம்பித்திருக்கிறது, அதுமட்டும் தெரிகிறது. அது முழுக்க எங்களுடையது.

இன்று காலையில் மாமாவிடம் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேன். நீ இல்லாமல் அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கிறது. டிசம்பரில் அங்கே வெயில் காலம், ஒன்பது மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும், வந்து எங்களோடு இருங்கள் என்றேன். அவர் கேட்டார்:

“அங்க லுங்கி கட்டிக்கினு தெருவுல போனா யார்னா எதனா சொல்வாங்களாம்மா?”

“ஆளுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மாமா. காத்துதான் உடாது.”

நீ போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். உனக்கும் கேட்டிருக்கும்.

அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. எங்கள் ஊருக்கு அழைத்துப்போய், எங்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வைப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. நீ கவலையில்லாமல் தூங்கு.

உன் மடியில் வளர்ந்த தங்கை,
எஸ்தர்