ஸ்டூடியோவுக்கு வந்த மீன்கள்

1956

ஜூலை 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மேல்காற்று. வாசல் படுதா ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. தைக்க வேண்டும். கோயில் முடிந்து வந்து ஸ்டூடியோவைத் திறந்தால் மேசை முழுக்கப் புழுதி.

பேச்சியம்மா இரண்டாம் தடவையாக வந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. இடுப்பில் மகள் ராசாத்தி, மூன்று வயது. புருஷன் இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில். இவள் மாசமாக இருக்கும்போது போனவர். வந்தால் திரும்பிப் போக விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து அங்கேயே இருக்கிறார். பெற்ற பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

போன தடவை மாதிரியே இந்தத் தடவையும். என் வீட்டுக்காரர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் ஒரே அலறல். "தல இல்லாத மாமா! ஆத்தா, தல இல்லாத மாமா!" கிலுகிலுப்பை ஆட்டினேன், வெல்லக்கட்டி கொடுத்தேன், குரங்கு மாதிரிக்கூட முகத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. படம் பதிகிற கண்ணாடி பிளேட்டைக் கழுவினால் வாய் மட்டும் தெரிகிறது, மீதியெல்லாம் கலங்கல்.

பேச்சி சொன்னாள்: "இருக்கட்டும்ணே. அழுதாலும் எம்பிள்ளதான. அதையே அனுப்பிருவோம்."

இவர்: "மொத மொதல்ல பாக்குற மொகம் அழுற மொகமா தாயி? அந்த மனுசன் அங்கன சோறு திம்பாரா? வேணாம். இன்னொரு தடவ கொண்டா."

அவள் கொழுந்தன் ஆடிப்பெருக்கு கழிந்ததும் இலங்கைக்குக் கப்பலேறுகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் இத்தனை பாடும். தோட்டத்தில் வேலை நெருக்கம், இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் இனி இறங்க முடியுமாம்.

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனேன். அங்கே தொட்டியில் கல்யாணப் படங்கள் அலசப் போட்டிருந்தது. தண்ணீரில் படங்கள் மெல்லச் சுற்றிச் சுற்றி வர, ராசாத்தியின் அழுகை சட்டென்று நின்றது. விரலை நீட்டி, "மீனு! மீனு!" கண்ணீர் காயாத முகத்தில் எவ்வளவு பெரிய சிரிப்பு. இவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் தோட்டத்து ஜீப்பு ஹாரன். போய்விட்டார்கள்.

அந்தச் சிரிப்பு மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 10, செவ்வாய்

காற்று. மலை முழுக்க மேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை.

பழைய சாமான் அறையைக் காலி செய்தேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போனபோது பங்களாவிலிருந்து இவர் தூக்கி வந்த கண்ணாடித் தொட்டி, இரும்புச் சட்டம் போட்டது, உள்ளே படப்பெட்டிகளும் ஒரு செத்த பல்லியும். கழுவித் தண்ணீர் விட்டேன். ஒரு மூலையில் ஒழுகல். கண்ணாடி ஒட்டுகிற மக்கு வைத்து அடைத்தாயிற்று.

காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் இவரைப் பார்க்க வேண்டாம், மீனைப் பார்க்கட்டும்.

"இது ஸ்டூடியோவா மீன் மார்க்கெட்டா?" என்கிறார்.

"மார்க்கெட்டுல பிள்ளைக அழுகுதுகளா?" என்றேன். சாயங்காலம் அவரே ஆற்று மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

மணல் மூன்று தரம் அலச வேண்டும். கண்மாயிலிருந்து வேலம்பாசி. உளுந்து அரைக்கவில்லை, நாளைக்கு இட்லி கிடையாது.

ஜூலை 14, சனி

மதுரை. பஸ்சில் ஜன்னலோரம். இவருக்குப் படப் பேப்பர், பிளேட் வாங்குகிற வேலை. எனக்கு மீன்.

ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டு முற்றம் முழுக்கத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தினமும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றுகிறவள் நான். பார்க்காத சேலைக்கெல்லாம் கேட்டுக் கேட்டு நிறம் கொடுக்கிறேன். இங்கே நிறம் கேட்காமலே ஓடுகிறது. என் பெட்டியில் இல்லாத சிவப்பு. மயில் கழுத்து நீலம். ஒன்றில் எலுமிச்சை மஞ்சள், வாலோரத்தில் மட்டும் மை தொட்ட மாதிரி.

எல்லாம் வேண்டும் என்றேன். கார்டு ஐயா சிரித்தார்.

"அம்மா, சேலை எடுக்குற மாதிரி மீனு எடுக்கக் கூடாது. நெறம் ரெண்டாவது. கூடி இருக்குமான்னு மொதல்ல பாக்கணும்."

அகலமாக, வெள்ளி மாதிரி, நிலா நகர்வது போல் ஒரு மீன். ஏஞ்சலாம். கேட்டேன். தர மறுத்துவிட்டார். "பேருதான் தேவதூதன். வளந்துச்சுன்னா உங்க குட்டி மீனெல்லாம் இதுக்குப் பலகாரம்."

வாங்கியது:
வாள்வால், சிவப்பு. ஆணுக்கு மட்டும் வாலின் கீழே கத்தி.
மோலி, முழுக் கறுப்பு. இவர் தேர்வு. போட்டோக்காரர் வேறென்ன எடுப்பார்.
கப்பி, கைநிறைய. ஒவ்வொன்றின் வாலும் ஒரு துண்டுச் சேலை.
கோடு போட்ட குட்டி மீன்கள். ஜீப்ரா என்கிறார்.

பிறகு அந்த நீலம். ஃபைட்டர், சண்டைக்கார மீன். ஐயா இரண்டு தடவை வேண்டாம் என்றார். "இவன் ஒத்தையில இருக்குற ஆளும்மா." நான் கேட்கவில்லை. அந்த நீலத்தை விட்டுவிட்டு எப்படி பஸ் ஏறுவது?

மண்ணெண்ணெய் டின்னைத் தேய்த்துக் கழுவி, அதில் மீன், வாயில் துணி. தேனி வரை என் மடியில், பிறகு இவர் மடியில். பக்கத்து சீட்டு ஆள் கேட்டார்: "கொழம்புக்கா?" இவர் முகம் போன போக்கு!

ஜூலை 16, திங்கள்

நீலம் வேலையைக் காட்டிவிட்டான். நேற்று முழுக்கச் சாதுவாக மூலையில் நின்றான். இன்று காலை பார்த்தால் கப்பிகளின் வால் எல்லாம் கந்தல். தன்னைப் போலவே அலங்கார வால் என்றால் பொறுக்கவில்லை. மஞ்சள் வால் கப்பி செத்துக் கிடந்தது. அழுதேன். ஐயா சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

இவர் திட்டவில்லை. மிட்டாய் பாட்டிலைக் கழுவி, நீலத்தை அதில் விட்டு, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "ராஜாவுக்குத் தனி அரண்மனை." இப்போது அவன் கண்ணாடியில் தன்னையே பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கிறான். படம் எடுக்க வருகிற மாப்பிள்ளைகள் சிலர் இப்படித்தான்.

ஜூலை 19, வியாழன்

தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டுகிற செல்லையா தூக்குவாளியோடு வந்தான். "மதினி, மதுரை மீனுதான் மீனா? நம்ம ஓடை மீனப் பாருங்க." கொட்டகுடிப் பக்கம் ஓடையில் பிடித்ததாம். முதுகு பச்சை, விலாவில் நீலக் கோடு. வெயிலில் காட்டினால் ஜரிகை.

வாங்கித் தொட்டியில் விட்டேன். என்ன வேகம்! தொட்டியை ஓடை என்று நினைத்துவிட்டார்கள். கப்பிகள் பயந்து பாசிக்குள். சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒருவன் தரையில் துள்ளுகிறான். எடுத்து விட்டேன். இன்னொருவன் இவர் செருப்புக்குள்.

"நல்ல மீனு. ஆனா இங்க இருக்குற மீனு இல்ல" என்றார் இவர். செல்லையாவுக்கு வருத்தம். நாளைக்கு மேலே போகும்போது ஓடையிலேயே விட்டுவிடுவதாகச் சொன்னான். தொட்டிக்கு மூடி வேண்டும் என்று துள்ளித் துள்ளி அந்த ஓடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்துப் போகிறார்கள். வீணாய்ப் போன பழைய பிளேட்டுகளைச் சுரண்டிக் கழுவி மேலே அடுக்கியாயிற்று.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

ஜூலை 23, திங்கள்

சாரல் இறங்கியது! தெருவே குளிர்ந்தது.

தொட்டியில் அமைதி. வாள்வால்கள் நடுவில், கப்பிகள் மேலே, மோலிகள் கண்ணாடியில் பாசி மேய்ந்தபடி, ஜீப்ராக்கள் எங்கும். யாரும் யாரையும் தொடுவதில்லை. இப்போதுதான் நிறங்கள் நின்று தெரிகின்றன. சண்டை நடந்தபோது நிறத்தையா பார்த்தோம்?

தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தை இன்று முதல் பிளேட்டிலேயே விழுந்தது. வாயைப் பிளந்து மீனைப் பார்த்தபடி. அதன் தகப்பனும் வாயைப் பிளந்தபடி.

பக்கத்துப் பலசரக்குக் கடை அம்மாள் கேட்கிறாள்: "ஞானம், எங்க தொட்டியில கொசுப்புழு கெடக்கு, மீனுக்கு வேணுமா?" ஊரில் எனக்கு மீன்காரி என்று பெயர் ஆகிவிட்டது.

இவர் மீன்களோடு பேசுகிறார். நான் இல்லை என்று நினைத்து. பெரிய மோலியின் பெயர் தாசில்தாராம்.

ஜூலை 27, வெள்ளி

காலையில் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ராசாத்தி வர இரண்டு நாள்தான் இருக்கிறது.

இவர் செய்த வேலை. தண்ணீர் குறைந்திருக்கிறதென்று நேராகக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றியிருக்கிறார். குழாயில் குளோரின் மருந்து வாடை. மதுரையில் கார்டு ஐயா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "மருந்துத் தண்ணின்னா ஒரு சிட்டிகை ஹைப்போ கரைச்சு விடுங்க. உங்க வீட்டுல அதுக்கா பஞ்சம்?" படம் கழுவுகிற ஹைப்போதான், இருட்டறையில் மூட்டையாக இருக்கிறது.

"அத குடிச்சா செத்துரும்டி!"

"இப்ப மட்டும் என்ன பண்ணுதுக? கொண்டாங்க வெரசா!"

கரைத்து விட்டேன். பாதித் தண்ணீரை எடுத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டோம். ஜெபம் பண்ணினேன், மீனுக்காக ஜெபம் பண்ணலாமா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தாசில்தார் கீழே இறங்கினார். பிறகு சிவப்பு ஒன்று. பிறகு எல்லாரும்.

இவர் எழுந்துபோய் ஆளுக்கொரு காபி போட்டுக் கொண்டுவந்தார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. சர்க்கரை போட மறந்துவிட்டார். சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

ஜூலை 29, ஞாயிறு

எடுத்தாயிற்று!!

ஒழுங்காக எழுத வேண்டும். பேச்சி வந்தாள். ராசாத்தி வாசலிலேயே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தல இல்லாத மாமா வேணாம்." உள்ளே வந்ததும் தொட்டியைப் பார்த்தது. பிடி தளர்ந்தது. இறங்கியது. கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டது.

இவர் முன்கூட்டியே நாற்காலியில் பிள்ளைக்குப் பதில் தலையணையை வைத்துக் காமிராக் கண்ணாடியெல்லாம் சரிபண்ணி வைத்துவிட்டார். துணிக்குள் போகவே இல்லை. படம் எடுக்க அமுக்குகிற ரப்பர் பல்பைக் கையில் மறைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிள்ளையை நாற்காலியில் ஏற்றினோம். நான் தொட்டிக்குப் பின்னால்.

"ராசாத்தி, கத்தி வச்சிருக்குற மீனு எங்க?"

காட்டியது.

"அது எங்க போவுது?"

"வீட்டுக்கு!" என்று சொல்லி, தான் சொன்னதற்குத் தானே சிரித்தது. எல்லாப் பல்லும் தெரிய. பல்பை அமுக்கிவிட்டார்.

பேச்சி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். "அவரு சிரிக்கிற மாதிரியே இருக்குதுக்கா. நான் இத்தன நாளு கவனிக்கலயே."

கவுனுக்கு என்ன நிறம் ஏற்ற என்று கேட்டேன். வெளுத்துப்போய், என்ன நிறம் என்றே தெரியவில்லை. "எடுக்கையில ரோசாப் பூ நெறம்க்கா. புதுசுல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே போடுங்க."

ஜூலை 31, செவ்வாய்

நாள் முழுக்க அந்த ஒரு படம். ரோசா நிறம் இரண்டு தடவை அழித்து, மூன்றாவதில் வந்தது. கன்னத்துக்குக் கை வைக்கவே இல்லை, அது அப்படியே போதும். செல்லையா ஜீப்பில் மேலே கொண்டுபோனான். சோற்றைக் குழைய விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

கொழுந்தன் கப்பலேறிவிட்டானாம், செல்லையா சொன்னான். படத்தை வேட்டி மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான்.

மஞ்சள் வால் கப்பி ஒன்று மதுரையிலிருந்து வந்துவிட்டது. பேப்பர் வாங்கப் போன இவர், என்னிடம் சொல்லாமல், தூக்குவாளியில்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

நல்ல வெயில். கோயிலிலிருந்து வந்தால் ஸ்டூடியோ வாசலில் ஜீப்பு. உள்ளேயிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சி, ராசாத்தி, அவர்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பாதிப் பேர்.

இலங்கையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். பேச்சி மூச்சு வாங்கச் சொன்னாள்: "அங்கன அவரு லயத்துல வீடு வீடாக் கொண்டுபோயிக் காட்டுனாராம்க்கா. ராத்திரி தலமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுக்குறாராம். எம்மக யாரப் பாத்து இந்தச் சிரிப்புச் சிரிக்குதுன்னு கேட்டு எழுதிருக்காரு. அதுக்குத்தான் வந்தோம். மீனையும் ஒரு படம் புடிச்சுக் குடுங்கண்ணே."

இவர் மூக்கைச் சிந்திவிட்டுக் காமிராவைத் தூக்கினார்.

தொட்டி கனம், அசைக்க முடியாது. காமிராவை எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். தொட்டிக்குப் பின்னால் ராசாத்தி, ஸ்டூலில். பக்கத்தில் பேச்சி. பிறகு ஒரு கிழவர் தானும் நிற்பேன் என்றார். அவர் நின்றால் அவர் மகள். செல்லையா தலைசீவிக்கொண்டு வந்தான். கடைசியில் யாருமே வெளியே இல்லை. பலசரக்குக் கடை அம்மாள்கூட உள்ளே.

இவர் கறுப்புத் துணிக்குள் இருந்து கத்துகிறார்: "எல்லாரும் இங்க பாருங்க! காமிராவப் பாருங்க!" யார் பார்த்தார்கள்? "அந்தா, அந்தச் செவப்பு!" "வாலப் பாருடா!" "ஆத்தா, குட்டி!" பிள்ளை பயப்படவே இல்லை. "மாமா, நீயும் வெளிய வந்து மீனப் பாரு" என்கிறது. சிரித்துக்கொண்டே பல்பை அமுக்கினார்.

சாயங்காலம் கழுவினோம். சிவப்பு விளக்கில் மெல்ல மெல்ல முகங்கள் வந்தன. அத்தனை பேரும் குனிந்து, அத்தனை பேருக்கும் சிரிப்பு, ஒருவர்கூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மீன்கள் எல்லாம் ஓட்டத்தில் கலைந்த கோடு.

தாசில்தார் மட்டும் நடுவில் அசையாமல் நின்று, நேரே காமிராவைப் பார்க்கிறார்.