வால்வில் விழுந்த விரிசல்

மார்ச் 28

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் வீட்டுவண்டி குளிர்காலம் முழுக்க முற்றத்தில் நின்றது; இன்று அதற்குத் தண்ணீர் நிரப்பினோம். கழிவறை இருக்கையின் பின்னால் தரை ஈரம். சொட்டுச் சொட்டாக, உள்ளங்கை அளவுதான். பழைய துணியைச் செருகி வைத்தேன். ஏப்ரல் பன்னிரண்டில், எல்லைக்கு அப்பால் இருக்கும் க்ரெஸ் தீவுக்குக் கிளம்ப வேண்டும்.

"நட்டு தளந்திருக்கும், விதா. காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றார் என் கணவர் சிரில். காப்பி ஆறிப்போனது. துணி இன்னும் ஈரம்.

மார்ச் 30

இருக்கையையே கழற்றி வெளியே எடுத்தார். தண்ணீர் வரும் வால்வில் மயிரிழை விரிசல். உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து பிளாஸ்டிக்கைப் பிளந்திருக்கிறது.

அப்படி ஆகவே கூடாது. பதினான்கு வருடமாக, நவம்பரில் புது ஒயின் குடித்துக் கொண்டாடும் மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், அந்தத் தலைவலியோடே வண்டித் தண்ணீரை முழுக்க வடித்துவிடுவார். கடைசி வேலை, கழிவறையில் தண்ணீர் திறக்கும் கால்மிதியை ஒருமுறை அழுத்துவது. வால்வில் நிற்கும் தண்ணீர் அப்போதுதான் இறங்கும்.

"மிதிச்சேனே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவருடைய பட்டியலிலும் அந்த வரிக்கு நேரே 'சரி' போட்டிருக்கிறது. மறந்ததுகூடப் பரவாயில்லை. செய்யாததைச் செய்ததாக நினைக்கிறாரே.

ஜனவரியில் மருத்துவர், "மறதி நோயோட ஆரம்பம்தான், கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றார். மகள் நேசா அன்றே, "அப்பா இனிமே ஓட்டக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான்தான் சண்டை போட்டேன். "வண்டி விஷயத்துல உங்கப்பா ஒண்ணும் மறந்ததில்லடி."

இப்ப அவகிட்ட என்ன சொல்லப்போறேன்?

மார்ச் 31

நேசா கூப்பிட்டாள். கசிவுக்குக் காரணம் வாஷர் தேய்ந்ததுதான் என்று பொய் சொன்னேன்.

ஏப்ரல் 4

புது வால்வு வந்தது. சிரில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணால் பார்க்காமலே மரையைத் திருகினார். அடியில் காகிதக் கைக்குட்டை விரித்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காய்ந்தே இருந்தது.

"பாத்தியா? கிழவன் இன்னும் செத்துப்போகல."

சிரித்தேன். பிறகு துணி காயப்போடும் சாக்கில் வெளியே போய் அழுதேன். இந்த மனிதரிடம் வண்டிச் சாவியை எப்படிக் கேட்பது? கேட்காமல், மலை வளைவுகளில் அவர் ஓட்ட எப்படிப் பக்கத்தில் உட்கார்வது?

ஏப்ரல் 6

பக்கத்து வீட்டு ஜார்கோவும் வீட்டுவண்டிக்காரர். பழைய வால்வைக் கையில் எடுத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "என்ன சிரில், மார்ட்டின் ஒயின் காலுக்கு இறங்கிடுச்சா? மிதி கண்ணுக்கே தெரியலையா?"

நான் முந்திக்கொண்டேன். "அது என் வேலை. நான்தான் மறந்துட்டேன்."

ஜார்கோ கிளம்பினார். சிரில் சூப் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அத ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"அவர் வாயில நீங்க எதுக்கு விழணும்னு..."

"நான் மறந்தத நானே சொல்லிக்கிறேன், விதா. அதையும் நீ எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்?"

வெட்கமாக இருந்தது. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரை இல்லாமலே ஆக்கப் பார்த்திருக்கிறேன். அவரே நேசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார், கதவைச் சாத்திக்கொண்டு. நெடுநேரம் பேசினார்.

ஏப்ரல் 9

சிரில் சொல்லித்தர, காலி மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகினேன். அட்டைப்பெட்டியை இரண்டு முறை இடித்தேன். "பெட்டி பொழச்சுக்கும்" என்றார்.

ஏப்ரல் 12

எல்லை தாண்டி, மலை இறங்கி, வண்டிகளை ஏற்றும் படகுத்துறை வரை நான் ஓட்டிவந்தேன். கழிவறைத் தரை காய்ந்திருக்கிறது. காற்று பலம்.

துறைக்காரர் ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு வந்தார். "ஓட்டறவங்க மட்டும் உள்ள இருங்க! மத்தவங்க இறங்கி நடந்து ஏறுங்க!"

பதினான்கு வருடமாக இறங்குவது நான். பழக்கத்தில் கை கதவுக்குப் போனது. அதற்குள் அந்தப் பக்கக் கதவைத் திறந்து சிரில் இறங்கிவிட்டார். தொப்பியை அழுத்திப் பிடித்தபடி, நடந்துபோகிறவர்களோடு படகில் ஏறினார். ஏறியதும் திரும்பி நின்று, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது என்று எனக்குக் கை காட்டினார்.