நடக்கிற கடை

டெஸ்மண்ட்,

பூசணி சூப் அடுப்பில் இருக்கிறது. நம் ஓய்வூதிய நிதியின் பேரில் பல்லாரட்டில் இருக்கும் கடையைப் பார்க்க, வாங்குகிறவர் மூன்று மணிக்கு வருகிறார். சாவியைக் கடைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

வாடகைக்காரரோடு, நடக்கிற கடையாக விற்றால் ஜிஎஸ்டி கிடையாது என்பதற்காக, அங்கே வாடகைக்கு இருந்த, மார்ச்சில் நாம் கல்லறைக் குழியில் மண் போட்டுவிட்டு வந்த தையல்காரர் ஆல்வின் பேரில் ஐந்து வருஷக் குத்தகை எழுதினாய். நேற்று நான் சண்டை போட்டதற்கு, "அவரா எந்திரிச்சு வந்து கேக்கப்போறாரு?" என்றாய்.

காலையில் கூட்டிப் பெருக்கப் போனேன். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்வின் நிமிர்ந்து, "இன்னும் அஞ்சு வருஷமாமே! டெஸ்மண்டுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்றார்.

நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

மார்னி

பி.கு.: உன் கோட்டு அளவு கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் கறுப்புத் துணியைச் சரியாக உன் அளவுக்குத்தான் வெட்டி வைத்திருந்தார்.